சாம்பிராணிப் புகையில் போர்தோ

மதுவிலக்குக் காலம். பிரெஞ்சுக்காரன் ஆண்டுகொண்டிருந்த புதுச்சேரியிலிருந்து என் சிநேகிதன் ஒரு புட்டியைத் துணிமூட்டைக்குள் ஒளித்துத் திருவள்ளூருக்குக் கொண்டுவந்தான்.

"போர்தோ ஒயின்பா. அங்க சல்லிசுதான். ஆனா நாப்பத்தேழாம் வருசத்து சரக்கு. அந்த வருசம் வெயிலு நல்லா காஞ்சி பழம் சோக்கா பழுத்துச்சாம். அண்ணிக்கு ரத்தம் ஊறும். மொதல்ல மோந்து பாரு. அப்புறம் வாய்ல வச்சிக்கினு மெதுவா முழுங்கு" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினான்.

என் மனைவி காசநோய் தீர்ந்து, ஊத்துக்கோட்டையில் இருந்த தாய்வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். இனி பயமில்லை என்று டாக்டர் அடித்துச் சொல்லியும் அவள் நம்பவில்லை. தனித் தட்டு, தனிப் பாய். நான் கிட்டே போனால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவாள். இப்படியே காலம் போய்விடுமோ என்று எனக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்தினோம். வாசனை தெருவுக்குப் போனால் போலீஸ் வரும் என்று அவள் தணலில் சாம்பிராணியை அள்ளிக் கொட்டினாள். அப்புறம் எங்கே முகர்ந்து பார்ப்பது? நான் மத்துக் காம்பால் கார்க்கை உள்ளே தள்ளி, தம்ளரில் ஊற்றி, பழக்கதோஷத்தில் உதடு படாமல் அண்ணாந்து வாயில் கவிழ்த்தேன். புரையேறிவிட்டது. இருமிய இருமலில் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு.

"ஐயோ, ரத்தம்!" என்று அலறிக்கொண்டு வந்தவள் என் தலையைத் தட்டி, நெஞ்சைத் தடவி, என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒயினும்மா, ஒயின்" என்றேன், இருமலுக்கு நடுவே.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்கவும் தெர்ல உங்களுக்கு! அந்த அண்ணன் இன்னா சொல்லிட்டுப் போனாரு?" என்று தம்ளரைப் பிடுங்கி, உதடு வைத்து ஒரு வாய் உறிஞ்சினாள். கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்தாள். "நாவப்பழம் மாதிரி துவர்க்குது. அப்பால லேசா இனிக்குதுங்க."

நான் கையை நீட்டினேன். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தம்ளரைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாங்க. நான் வாய் வச்சிட்டேன்."

"அதனாலதான் கேக்கறேன்."

மறைத்த தம்ளரை மெல்ல முன்னால் எடுத்தாள். பிறகு அழுதுகொண்டே கொடுத்தாள்.