உயிருள்ள புழு ஒன்று

அந்த எல்லைச் சோதனைச்சாவடியில் இருபத்திரண்டு வருஷமாகப் பழம் வெட்டுகிறவள் அவள். சாப்பிடுவதற்கு அல்ல, அண்டை நாட்டிலிருந்து வரும் மாதுளை லாரிகளில் பூச்சி, புழு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. லாரிக்கு நாற்பது பழம். பூ முனையில் கத்தியை வைத்து நான்காகப் பிளந்து, வெள்ளைத் தட்டில் தட்டி, முத்து முத்தாகப் பிரித்துப் பார்ப்பாள். கறை ஏறி ஏறி அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்தது. யாராவது உற்றுப் பார்த்தால், "இது உழைச்சு வாங்கின கறை" என்று சிரிப்பாள். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவன் கிண்டலுக்குத்தான் வைத்தான். அவளோ அதைப் பட்டம்போலச் சுமந்தாள்.

சுமக்கமாட்டாளா பின்னே? சொந்தச் சித்தப்பா மகன் தரகு பார்த்த லாரியையே ஒருமுறை திருப்பி அனுப்பியவள். "உனக்குத் தம்பின்னும் கிடையாது, தங்கச்சின்னும் கிடையாது" என்று சித்தப்பா வீட்டில் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அசையவில்லை.

ஒவ்வொரு லாரியோடும் அந்தப் பக்கத்துச் சோதகர் கொடுத்த சான்றிதழ் ஒன்று வரும். அந்த மனிதரை அவள் பார்த்ததே இல்லை. கையெழுத்தை மட்டும் தெரியும். கோழி கிளறினாற்போல இருக்கும். அதனால் அவள் மனத்துக்குள் அவர் பெயர் கோழிக்கிறுக்கல். ஆனால் வேலையில் கில்லாடி. பன்னிரண்டு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய லாரியில் ஒரே ஒரு புழுவைக்கூட அவள் கண்டதில்லை. திரும்பிப் போகும் நகலின் ஓரத்தில் 'சுத்தம்' என்று பென்சிலில் எழுதுவாள். அடுத்த லாரியில் 'நன்றி' என்று ஒரு கிறுக்கல் வரும். இவ்வளவுதான் அவர்கள் பழக்கம். பன்னிரண்டு வருஷமாக இது நடந்தது.

அப்புறம் தேர்தல் வந்தது. அந்தப் பக்கத்துப் பழம் மலிவாக வந்து இறங்குவதால் இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். அவர்கள் ஓட்டு இல்லாமல் ஆளும் கட்சி கரையேற முடியாது. இரண்டு நாட்டு அமைச்சர்களும் டிவியில் குழாயடிச் சண்டை போட்டார்கள். வரியை ஏற்றலாம் என்றால் ஒப்பந்தம் குறுக்கே நின்றது. ஆனால் பழத்தில் புழு இருந்தால்? புழுவுக்கு ஏது ஒப்பந்தம்? மறுநாளே இறக்குமதியை நிறுத்திவிடலாம்.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய சார் வந்தார். தங்கமான பேச்சு.

"ஏம்மா, பன்னண்டு வருஷமா ஒரு புழுகூட இல்லேன்னா யாராவது நம்புவாங்களா?"

"இல்லேன்னா இல்லதானே சார்?"

"நல்லாத் தேடுங்க."

தேடினாள். நாற்பது பழத்துக்கு இருநூறு வெட்டினாள். மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. சாயங்காலம் அவர் வந்து தட்டை எட்டிப் பார்த்தார். பிறகு வேறு எதையோ பேசுவதுபோல, "அடுத்த வாரம் இடமாற்றப் பட்டியல் வருது. உங்க பேரும் கண்ணுல பட்டுச்சு. பொண்ணு இந்த வருஷம் பன்னண்டாவது இல்ல?" என்றார்.

அவ்வளவுதான். மிரட்டினாரா? இல்லை. அடித்தாரா? அதுவும் இல்லை. சித்தப்பா வீட்டையே எதிர்த்து நின்றவள், ஒரு மாற்றல் உத்தரவுக்குச் சுருண்டுவிட்டாள். இதைச் சொல்ல எனக்கே நாக்கூசுகிறது.

ஒரு லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால், கண்டெடுத்த புழுவை ஸ்பிரிட் குப்பியில் போட்டு அறிக்கையோடு வைக்க வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அலமாரியில் பழைய குப்பிகள் இருந்தன. அவள் ஒன்றை எடுத்தாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவள் கையாலேயே ஒட்டிய சீட்டு. நகத்தால் சுரண்டி எடுத்தாள். 'உயிருள்ள புழு ஒன்று காணப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த லாரி ஓட்டுநர் ஒல்லியான மனிதர், அந்தப் பக்கத்துக்காரர். வாரத்துக்கு இரண்டு தடவை வந்து, வாய் நிறைய அக்கா, அக்கா என்று கூப்பிடுகிறவர். சேதி கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. சண்டைக்கு வருவார் என்று அவள் நினைத்தாள்.

"நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. எங்க ஆளுங்கதான் கோட்டை விட்டுட்டாங்க. மன்னிச்சிருங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்கிறார்! யார், யாரிடம்? கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு அத்தனை வலித்திருக்காது.

மறு வாரம் சுவரெல்லாம் சுவரொட்டி. குப்பிக்குள் இருந்த புழுவைப் படமெடுத்து, மலைப்பாம்பு அளவுக்குப் பெரிதாக்கி, 'இனி ஒரு புழுவும் நுழையாது' என்று போட்டிருந்தார்கள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "உன் புழு நம்ம தெருமுனை வரைக்கும் வந்துடுச்சு பாத்தியா? நாளைக்கு வீட்டுக்கே வந்து கதவைத் தட்டப்போகுது" என்றார். எதிர்க்கட்சியாவது சும்மா இருந்ததா? "இத்தனை வருஷம் எத்தனை புழுவை உள்ளே விட்டீர்கள்?" என்று அதே புழுவின் வாலைப் பிடித்துக்கொண்டது. புழு இருந்ததா என்று ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேட்கவில்லை. தோட்டத் தொகுதிகளில் ஆளும் கட்சி அள்ளிக்கொண்டு போனது. அந்தப் பக்கத்திலும் தேர்தல் நெருங்கியதால், அவர்கள் பதிலுக்கு இங்கிருந்து போன உருளைக்கிழங்கை நிறுத்தினார்கள். காரணம் கேட்டால், அதிலும் புழுவாம்.

அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மகள் அதை டிவிக்குப் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். தூசி துடைக்கிற சாக்கில் இவள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். "ஏம்மா, இவ்வளவு அடக்கம் ஆகாது" என்று மகள் மறுபடியும் நேராக்குவாள்.

அவள் பயம் வேறு. புதிதாகப் பிடித்துப் போட்ட புழு பழுப்பு மாறாமல் இருக்கும். வருஷக்கணக்கில் ஸ்பிரிட்டில் ஊறியதோ சோற்றுப் பருக்கைபோல வெளுத்துவிடும். பேப்பரில் வந்த படத்தில் அந்த வெளுப்பு அப்படியே தெரிந்தது. ஊர் உலகத்துக்கு அது புரியாது. ஆனால் கோழிக்கிறுக்கலுக்குப் புரியும். என்றைக்காவது ஒருநாள் அவரிடமிருந்து கடிதம் வரும், மானம் கப்பலேறும் என்று, தபால்காரர் எதைக் கொடுத்தாலும் முதலில் உறைமேல் இருக்கும் கையெழுத்தைத்தான் பார்ப்பாள். வந்து தொலைத்தால்கூடத் தேவலை என்றும் சில நாள் இருந்தது. வரவில்லை.

நான்கு மாதம் கழித்து அந்த ஓட்டுநர் வந்தார். இப்போது டைல்ஸ் ஏற்றுகிறாராம், அதற்குத் தடையில்லை. மத்தியான நேரம், அறையில் அவள் தனியாக இருந்தாள்.

"நல்லா இருக்கீங்களா அக்கா? எங்க பூச்சி சாரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, தெரியுமா?"

"யாரை?"

"அதான், சர்டிபிகேட்ல கோழி கிளறின மாதிரி கையெழுத்துப் போடுவாரே, அவரைத்தான். நாட்டு மானத்தையே வாங்கிட்டாருன்னு எங்க கட்சிக்காரங்க ஆபீஸ் வாசல்ல உக்காந்துட்டாங்க. விடுவாங்களா?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவர் என்ன சொன்னார்?"

"என்னத்தச் சொல்வாரு? பேப்பர்ல அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. 'இவ்வளவு வெளுப்பா இருக்கே'ன்னாரு. அப்புறம் அவரே, 'போட்டோல வெளிச்சம் அடிச்சிருக்கும், அந்தம்மா தப்பா எழுதமாட்டாங்க'ன்னுட்டாரு."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கறுத்த விரல்களை மடக்கி மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு அக்கா. புழு பழத்துல எந்த இடத்துல இருந்துச்சு? பூ முனையிலயா, காம்புப் பக்கமா? கண்ணு எங்க ஏமாந்துச்சுன்னு தெரிஞ்சா போதுமாம். அதையே நினைச்சு நினைச்சு மனுஷனுக்குத் தூக்கமே போச்சு."

ஓட்டுநர் ஒரு பில்லின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பெரிய சார் அங்கே இல்லை. தேர்தல் முடிந்துவிட்டது. மாற்றல் பட்டியல் வந்து போய்விட்டது. மகள் பரீட்சையும் எழுதியாகிவிட்டது. அவள் கழுத்தில் கத்தி வைக்க ஒருவரும் இல்லை. சொல்லிவிடேன் அம்மா! புழுவே இல்லை என்று சொல்ல இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த மனிதர் நிமிர்ந்து உட்காருவார். இவளை இனி யாரும் பூதக்கண்ணாடி என்று கூப்பிடமாட்டார்கள்.

"காம்புப் பக்கம்" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். எழுதியது சரிதானா என்று ஒருமுறை வாசித்தும் காட்டினார். "ரொம்ப நன்றிக்கா. இனிமேலாவது அவருக்கு மனசு ஆறும்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

முதல் பொய்க்குப் பின்னால் ஓர் அதிகாரி நின்றார். இதற்குப் பின்னால் அவளைத் தவிர யாருமில்லை. குழாயடியில் நின்று விரல் நுனிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், வெகுநேரம் தேய்த்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர், தன் வீட்டுக்கு வாங்கும் பழத்தைக்கூட இனி காம்புப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.