ஜன்னலக்கா பார்க்கும் இடம்

அழைப்பு மணியை அடித்தால் ஜன்னலக்கா வீட்டில் கதவு திறக்காது. கதவுக்குப் பக்கத்து ஜன்னல்தான் திறக்கும். முதலில் ஒரு முழங்கை வந்து சட்டத்தின்மேல் உட்காரும். பிறகு கழுத்து நீளும். "யாருப்பா அது?" போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் இதே இடத்தில் நின்ற அதே ஆள்தான் என்று கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் அந்தக் கேள்வி தப்பாது. நான்தான் என்று சொன்னால், "நீயா? நான் யாரோன்னு நினைச்சேன்" என்று பெரிய ஏமாற்றத்தோடு சொல்வார். அந்த ஏமாற்றமும் நடிப்புத்தான்.

எழுபதைத் தாண்டிவிட்டார். புருஷன் ஸ்டுடியோவில் விளக்குப் போடுகிறவராக இருந்து, பல வருஷங்களுக்கு முன்னால் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. மூன்றாம் மாடியில், எல்லா வீட்டுக்காரர்களும் போய்வரும் நடைபாதையைப் பார்த்த சமையலறை ஜன்னல் அது. உள்ளே அவர் நிற்பார். வெளியே எனக்கு ஒரு முக்காலி. தேநீர் ஜன்னல் வழியாக வரும், காலிக் கோப்பை ஜன்னல் வழியாகவே போகும். "உள்ள வந்து ஒக்காருன்னு சொல்லணும்னுதான் இருக்கு. ஆனா ஆள் உள்ள வந்துட்டா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஒருமுறை அடைமழை பெய்து நடைபாதையெல்லாம் நனைந்தபோது உள்ளே கூப்பிட்டார். நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறியின் சத்தத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். மழை விட்டதும் நானே முக்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

நான் அங்கே போவது அவருடைய நினைவுகளைப் புத்தகமாக எழுதிக் கொடுக்க. பதிப்பாளர் அனுப்பிய ஆள் நான். அவர் சொல்லவேண்டும், நான் எழுதவேண்டும், அட்டையில் அவர் முகம் வரும்.

எதைப் பற்றிய நினைவுகள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அந்த நகைச்சுவைத் தொடரைப் பார்க்காதவர்கள் யார்? வாரத்துக்கு ஒரு சாயங்காலம் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு பக்கத்து வீட்டுக்காரி. அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் நம் ஜன்னலக்கா. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள், மூடி போட்ட சாப்பாட்டு டப்பா ஒன்றை உள்ளே நீட்டுவாள், சும்மா இருந்த புருஷன் பெண்டாட்டிக்குள் மூட்டிவிடுவாள். சண்டை சூடு பிடித்ததும், "எனக்கெதுக்குப்பா வம்பு!" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள். இன்றும் மத்தியான வேளையில் ஏதோ ஒரு சேனலில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மனைவியாக நடித்தவரை ஸ்டுடியோவில் எல்லோரும் மேடம் என்பார்கள். ஜன்னலக்காவுக்கு இன்றைக்கும் அவர் மேடம்தான். ஆனால் திரையில் இருவரும் உயிர்த் தோழிகள். மேடம் "ஏன்டி!" என்று குரல் கொடுத்தால் போதும், இவர் "என்னடி?" என்று தலையை நீட்டுவார். இந்த இரண்டு பேரைப் பார்த்துத் தன் பழைய தோழியை நினைத்துக்கொள்ளாத பெண் இருந்திருக்க மாட்டாள்.

உண்மையில் தொடரில் வரும் அந்த வீட்டுக் கூடத்தில் ஜன்னலக்கா ஒரு நாளும் கால் வைத்ததில்லை. "அந்த சோபா மெத்தையா கட்டையான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது" என்பார். ஜன்னல் இருந்த பிளைவுட் சுவர் தனியாகக் கழன்று வரும். மாதத்தில் ஒரு நாள், மேடம் வேறு வேலையாகப் போகிற நாளாகப் பார்த்து, அந்தச் சுவரைப் படப்பிடிப்புத் தளத்தின் மூலையில் நிறுத்தி, அந்த மாதத்து ஜன்னல் காட்சிகளை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். மேடத்தின் பக்கத்தை இன்னொரு நாள் எடுத்து இரண்டையும் வெட்டி ஒட்டுவார்கள். இவருக்கு உயரம் பற்றாது. ஒரு மரப்பெட்டிமேல் ஏற்றி நிறுத்துவார்கள். மேலே பூப்போட்ட சட்டை, கழுத்தில் மணிமாலை, முகத்தில் பவுடர். ஜன்னலுக்குக் கீழே பழைய பாவாடையும் புருஷனுடைய கம்பளிக் காலுறையும். "தெரியறது பாதி ஆளு. மீதி ஆளு எப்படி இருந்தா யாருக்கென்ன?" டப்பாவும் அப்படித்தான். உள்ளே ஒன்றும் இருக்காது. மூடி கழன்று விழாமலிருக்கப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

அப்படியானால் உயிர்த் தோழி என்று இவர் யாரைப் பார்த்துப் பேசினார்? கேமராவுக்கு ஒரு சாண் தள்ளி, மேடத்தின் கண் இருக்கவேண்டிய உயரத்தில், உதவி இயக்குநர் தன் கையை மடக்கி முஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேடத்தின் வசனத்தையும் அவரே, மளிகைச் சாமான் பட்டியலைப் படிப்பதுபோலப் படிப்பார். அந்த முஷ்டியைப் பார்த்துத்தான் இவர் சிரித்தார், கொஞ்சினார், கோள் மூட்டினார். தோழி ஊரைவிட்டுப் போகப்போகிறாள் என்ற கதை வந்த வாரம் அந்த முஷ்டியைப் பார்த்துத்தான் கண் கலங்கினார். நாடும் கூடவே கலங்கியது. இப்போதும் அவர் பேசும்போது நம் கண்ணைப் பார்ப்பதில்லை. நம் காதுக்கு ஒரு சாண் தள்ளி ஓர் இடம் இருக்கிறது. பார்வை அங்கே போய் நின்றதும் முகம் அப்படியே மலரும். ஆரம்பத்தில் நான் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்களாக்கும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டேன்.

ஊர் விடுமா? ஒரு நாள் அவரோடு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே கேட்டார்:

"மேடம் எப்படிம்மா இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன, ஜோரா இருக்காங்க."

"இப்பவும் பேசுவீங்களா?"

"பேசாம? நேத்துகூடப் பேசினோம். முட்டிவலிதான் பாடாப் படுத்துதுன்னாங்க."

"அடப்பாவமே. நான் கேட்டதா சொல்லுங்கம்மா."

"கண்டிப்பா சொல்றேன்."

வெளியே வந்ததும், "என்னக்கா, வாய் கூசாம இப்படிப் புளுகறீங்க?" என்றேன்.

"நிஜத்தைச் சொன்னா அந்த ஆளு முகம் தொங்கிப் போயிடும்டி. பாவம், ஆசையாக் கேக்கறாரு." பையைக் கை மாற்றிக்கொண்டார். "முட்டிவலி எனக்குத்தான். மேடத்துக்கு இருக்கா இல்லையான்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

தோழி இல்லாமல் இருந்துவிடலாம். இல்லாத தோழியின் க்ஷேமத்தைக் கடை கடையாகச் சொல்லிக்கொண்டு திரிவது யாருக்கும் வரக்கூடாது. அன்று அவர் பையை நான் வாங்கிக்கொண்டேன். அவரும் கொடுத்துவிட்டார்.

ஆனால் ஒரே ஒரு மத்தியானம் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் முழங்கை சட்டத்தைவிட்டு எழுந்துவிடும், இரண்டு கையும் காற்றில் வேலை செய்யும். அன்று மேடம் நாள் மாறி ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். கொண்டுவந்து விட்ட கார் திரும்பிப் போய்விட்டது. அது மறுபடி வரும்வரை எங்கேயும் போக முடியாமல், மூலையில் நின்று இந்த முஷ்டி நாடகத்தைப் பார்த்தார். பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. "தள்ளுங்க, நான் படிக்கிறேன்" என்று உதவி இயக்குநரை விலக்கிவிட்டு, கவிழ்த்துப்போட்ட ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு ரெண்டும் என்னையே பார்க்குது. எனக்கு வசனமெல்லாம் பறந்து போச்சு. 'ஏங்க நிறுத்திட்டீங்க?'ன்னு கேக்கறாங்க. 'பழக்கமில்ல மேடம், அவர் கையைப் பார்த்துத்தான் எனக்குப் பேச வரும்'னேன். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? தன் கையை மடக்கிக் காதுகிட்ட வெச்சுக்கிட்டு, 'இந்தாங்க, இதுகிட்டப் பேசுங்க. இது அதைவிட நல்ல கை, நகத்துக்கெல்லாம் பாலிஷ் போட்டிருக்கேன்'னாங்க!"

ஜன்னலக்கா சிரித்த சிரிப்பில் பெட்டியிலிருந்து விழப்பார்த்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தொடரின் தொடக்கத்தில், எழுத்துப் போடும்போது, ஜன்னலில் ஒரு பெண் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள் அல்லவா? அந்தச் சிரிப்பு அன்றைக்குச் சிரித்ததுதான். வேலை முடிந்து இருவரும் பிளாஸ்க்கின் மூடியில் மாற்றி மாற்றித் தேநீர் குடித்தார்கள். கார் வந்தது. "வரேங்க" என்று மேடம் போய்விட்டார். "அடுத்த மாசம் பழையபடி முஷ்டிதான்" என்று கதையை முடிப்பார் ஜன்னலக்கா. முடித்துவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

அதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பதிப்பாளர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உயிர்த் தோழி அத்தியாயம் இவ்வளவுதானா? தினமும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிட்டாங்க, அழுதாங்க, சிரிச்சாங்கன்னு நாலு பக்கம் போடுங்க. யார் வந்து கேக்கப் போறா?"

ஜன்னலக்காவிடம் சொன்னேன். முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது. "மேடம் படிப்பாங்களே! நடக்காததை நடந்துச்சுன்னு எழுதினா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? அந்த ஒரு நாள் போதும் எனக்கு. அவங்களுக்கும் அது ஞாபகம் இருக்கும். வேணும்னா கேட்டுப் பாரு."

பதிப்பாளர் அதற்கும் சம்மதித்தார். மேடம் வாயால் அந்த மத்தியானத்தைச் சொன்னால் அது அப்படியே புத்தகத்தில் வரும். இல்லாவிட்டால் அவர் கேட்ட நாலு பக்கம். மேடமே ஒரு நாள் காலை என் எண்ணுக்குப் பேசுவதாக ஏற்பாடானது.

அன்று மணி அடிப்பதற்கு முன்பே ஜன்னல் திறந்திருந்தது. "யாருப்பா அது?" இல்லை. பூப்போட்ட சட்டை, மணிமாலை, முகத்தில் பவுடர்.

"போன்தானேக்கா. அவங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

"நீ சும்மா இரு. பேசப்போறது மேடம்."

போன் அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டு ஜன்னல் சட்டத்தில் வைத்தேன்.

"ஏன்டி!"

கரகரத்துப் போயிருந்தது, ஆனாலும் அதே குரல். ஜன்னலக்கா திடுக்கிட்டார். நேரில் மேடம் அவரை ஒரு நாளும் 'டி' போட்டதில்லை. எப்போதும் 'வாங்க, போங்க'தான். திரையில்தான் 'டி'.

"மேடம்... நல்லா இருக்கீங்களா?"

"என்னடி மேடம் கீடம்? உன் டப்பாவை நான் மறப்பேனா? தினமும் ஜன்னல் வழியா நீட்டுவியே. வீட்லேர்ந்து வந்ததை அப்படியே வெச்சுட்டு உன்னோடதைத்தான் சாப்பிடுவேன். என்ன ருசி, என்ன ருசி!"

ஜன்னலக்கா என்னைப் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் இல்லை, நேராக என் கண்ணை. எனக்குத்தான் தாங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

"மேடம், ஒரு நாள் மத்தியானம்... நீங்க நாள் மாறி வந்துட்டீங்க. பெட்டிமேல ஒக்காந்து எனக்கு வசனம் படிச்சீங்க. கையை இப்படி மடக்கி..."

"பெட்டியா?" மேடம் யோசித்தார். அந்தப் பக்கம் ஏதோ தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. "இல்லையேடி. நான் என்னிக்கும் உன் எதிர்லதானே இருப்பேன்? நீ வேற யாரையோ நினைச்சுச் சொல்றே."

"நகத்துக்குப் பாலிஷ் போட்டிருக்கேன்னு..."

"ஞாபகம் வரலையே."

ஜன்னலக்காவின் விரல் சட்டத்தில் பெயர்ந்திருந்த சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. போனைப் பிடுங்கி, "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று கத்தவேண்டும்போல எனக்கு ஆத்திரமாக வந்தது.

மேடமே மறுபடி பேசினார். குரல் இறங்கியிருந்தது. "இங்க பேச ஆளே இல்லடி. பையன் வரான், நின்னபடியே நலம் விசாரிக்கிறான், போறான். வேலைக்காரப் பொண்ணு டிவியைப் போட்டுவிட்டுப் போயிடுவா. மத்தியானம் ஆனா நீ ஜன்னல்ல வருவே. அதுக்காகவே காத்துக்கிட்டிருப்பேன். எனக்குன்னு ஒருத்தி இருந்தாள்ல? அதையெல்லாம் எழுதுடி. ஒண்ணு விடாம எழுது." பதில் வரவில்லை என்றதும், "இருக்கியாடி? இருக்கியா?" என்றார்.

ஜன்னலக்கா போனைச் சட்டத்திலிருந்து எடுத்தார். காதில் வைக்கவில்லை. விரல்களை மடக்கி அதை இறுகப் பிடித்து, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, என் காதுக்கு ஒரு சாண் தள்ளித் தூக்கி நிறுத்தினார். பார்வை அங்கே போய் நின்றது, முகம் மலர்ந்தது.

"இங்கதான்டி இருக்கேன்" என்றார், தன் முஷ்டியைப் பார்த்து.