மூன்று கிண்ணச் சிமிழ்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரே தொடர்மாடியில் அக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள். அக்கா சுதர்சினிக்கு முதலாம் மாடி. யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் வழியும் ஏசித் தண்ணீரும் தெரியும். தங்கை சாம்பவிக்கு ஆறாம் மாடி, யன்னலைத் திறந்தால் கடல். அந்த ஆறாம் மாடி வீட்டை முதலில் வந்து பார்த்தவள் சுதர்சினிதான். லிஃப்ட் பழுதானால் யார் ஏறுவது என்று யோசித்துக் கீழே எடுத்தாள். அதன்பிறகு லிஃப்ட் ஒருநாளும் பழுதாகவில்லை. அதற்கும் அவளுக்குத் தங்கைமேல்தான் கோபம்.

இதை வைத்து அவளைக் கெட்டவள் என்று முடிவுகட்ட வேண்டாம். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் ஓய்வு பெறும்வரை ஒழுங்காக வேலைசெய்தவள். மாடியில் யாருக்கு வருத்தம் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பவள். பிள்ளையில்லாத அவள்தான் சாம்பவியின் மகள் யதுஷாவைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போய், சோறு தீத்தி வளர்த்தாள். ஆனால் தங்கை என்று வந்தால் மட்டும் வயிறு பற்றிக்கொள்ளும். சின்ன வயதில் ஒரே துணியில் இருவருக்கும் சட்டை தைத்தால், சாம்பவியின் சட்டையில்தான் பூ நடுவில் விழும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அந்தக் காகம் எப்போதும் அவளுடைய பனையிலேயே ஏன் வந்து இருக்கவேண்டும் என்பதுதான் சுதர்சினியின் கேள்வி.

சென்ற மாசியில் பம்பலப்பிட்டியில் ஒரு பழைய பங்களாவை இடிக்கப்போவதால் அதிலிருந்த சாமான்களை ஏலம் போட்டார்கள். சகோதரிகள் இருவரும் புதினம் பார்க்கப் போனார்கள். ஒரு மேசையில் பீங்கான்களுக்கு நடுவே, உள்ளங்கைக்குள் அடங்கும் கறுத்த உலோகச் சிமிழ் ஒன்று கிடந்தது. மூன்று குட்டிக் கிண்ணங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, மூடியில் தேய்ந்த இங்கிலீஷ் எழுத்து, நடுவில் ஏதோ முறிந்துபோன தண்டு. முதலில் அதைத் தூக்கியது சுதர்சினி. திறந்து மணந்தும் பார்த்தாள். "சீ, கறள் பிடிச்ச சாமான்," என்று வைத்துவிட்டாள். ஏலக்காரன் சிங்களத்தில் கூவியபோது சாம்பவி கையைத் தூக்கினாள். வேறு ஒருவரும் தூக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து விபூதி போட்டுத் தேய்த்தால், கறுப்புப் போய் வெள்ளி பளபளத்தது. மூன்று கிண்ணம் என்றால் சைவ வீட்டில் வேறென்ன நினைப்பார்கள்? ஒன்றில் விபூதி, ஒன்றில் சந்தனம், ஒன்றில் குங்குமம். எழுத்துகள் அந்தக் காலத்து முதலியார் ஒருவரின் பெயர் என்று சாம்பவி ஒரு கதையை முளைக்கவிட்டாள். வந்து போனவர்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கொஞ்ச நாளில் அந்த முதலியார் கோயில் கட்டினவராகவும் ஆகிவிட்டார்.

"அக்காதான் முதல்ல தூக்கினவ. வேண்டாமெண்டு வைச்சிட்டா," என்று சாம்பவி ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அந்த வசனத்தைக் கேட்டாலே சுதர்சினிக்குத் தேத்தண்ணி தொண்டையில் இறங்காது.

"உனக்கென்ன கரைச்சல்? அது பாட்டுக்குச் சாமியறையில இருந்திட்டுப் போகட்டுமே," என்றார் கணவர் பாலசுந்தரம்.

"அது என்ர கையில இருந்த சாமான்," என்றாள் சுதர்சினி.

அது என்னவென்று அறிந்தே தீருவது என்று கிளம்பினாள். வெள்ளியில்லை, ஈயம் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் அவளுக்கு. போனில் படமெடுத்துக்கொண்டு போய்ச் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் காட்டினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த கடைக்காரர், நல்ல பழைய வெள்ளி வேலைப்பாடு மாதிரித்தான் இருக்கிறது என்றார். சுதர்சினிக்கு முகம் கறுத்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று, முன்பு தன்னோடு வேலைசெய்த றோஸியைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்கு நடந்தாள்.

படத்தைக் கண்டதும் றோஸி நெற்றியில் சிலுவை போட்டாள்.

"இது எங்கட ஃபாதர்மார் பரிசுத்த எண்ணெய் வைக்கிறது, சுதா. தண்டு முறிஞ்சிருக்கே, அதில சிலுவை இருந்திருக்கும். இது ஞானஸ்நானத்துக்கு, பிறந்த பிள்ளைக்குப் பூசுவாங்க. இது வளர்ந்த பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் குடுக்க. இந்த எழுத்துப் போட்டது வருத்தக்காரருக்கு. எங்கட அப்பா கடைசி மூச்சு இழுத்த நேரம் ஃபாதர் இப்படி ஒண்டைத்தான் கொண்டு வந்தார்."

சுதர்சினியின் மனதில் தங்கியது கடைசி வசனம் மட்டுந்தான். வருத்தக்காரரின் கிண்ணத்தில்தான் சாம்பவி குங்குமம் போட்டு வைத்திருந்தாள்! ஆனைக்கும் அடி சறுக்கும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நல்ல பலகாரத்தை யாராவது அவசரப்பட்டு விழுங்குவார்களா?

அடுத்த கிழமை யதுஷாவின் சம்மந்தக் கலப்பு. மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியபோது சாம்பவி பட்டுச்சேலையோடு ஓடிவந்து, சிமிழ் வைத்த தட்டத்தை அக்காவின் கையில் கொடுத்தாள்.

"அக்கா, நீங்கள் வாசல்ல நிண்டு குடுங்கோ. பிள்ளையை வளர்த்தது நீங்கள்தானே."

மாப்பிள்ளையின் தாய் ஓய்வுபெற்ற நேர்ஸ். குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, "என்ன வடிவான சிமிழ்! ஆர் வாங்கினது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் பின்னால் நின்ற சாம்பவி. "அக்காதான் முதல்ல தூக்கினவ. வேண்டாமெண்டு வைச்சிட்டா."

சுதர்சினிக்குள் ஏதோ அறுந்தது. "அது எங்கட சாமானில்லை, வேதக்காரரின்ர," என்றாள். "சாகக் கிடக்கிறவைக்குப் பூசுற எண்ணெய்ச் சிமிழ்."

வாசலில் காலெடுத்து வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய் நெற்றியைத் துடைக்கக் கைப்பையில் லேஞ்சியைத் தேடினார். சாம்பவியின் முகம் செத்துப்போயிற்று. அந்த முகத்தைப் பார்க்கத்தான் சுதர்சினி இவ்வளவு காலமும் காத்திருந்தாள். பார்த்தும்விட்டாள். ஆனால் அதற்குப் பின்னால், அறை வாசலில் தலை நிறையப் பூவோடு யதுஷா நிற்பாள் என்பதை அவள் நினைத்திருக்கவில்லை.

"பெரியம்மா," என்று பிள்ளை கிட்ட வந்தாள். "மூண்டு கிண்ணம் இருக்கே. மற்ற ரெண்டும் ஆருக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யதுஷாவுக்கு அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"ஒண்டு பிறந்த பிள்ளைக்கு," என்றாள் மெல்ல. "மற்றது வளர்ந்த பிள்ளையளுக்கு."

லேஞ்சியோடு உயர்ந்த கை பாதியில் நின்றது. "அப்ப பிறந்த நாள் தொடக்கம் கடைசி மட்டும் கூட வாறது எண்டு சொல்லுங்கோ," என்றார் மாப்பிள்ளையின் தாய். "பிள்ளைப்பேறு வாட்டிலயும் நிண்டனான், சாகிறவைக்குப் பக்கத்திலயும் நிண்டனான். ரெண்டு இடத்திலயும் இந்தக் கைதான். எனக்கு இதில ஒரு குறையும் தெரியேல்ல."

குங்குமத்தைத் துடைக்காமலே உள்ளே வந்து இருந்தார். மற்றவர்களும் வந்து இருந்தார்கள். பலகாரம் வந்தது, கலியாணத்துக்கு நாளும் குறித்தார்கள்.

மறுநாள் காலை சாம்பவி கீழே இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது. சிமிழைக் கழுவித் துடைத்து ஒரு பட்டுத்துண்டில் சுற்றியிருந்தாள்.

"அவையின்ர சாமானை அவையிட்டயே குடுப்பம், அக்கா," என்றாள். பட்டுத்துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, "தெரிஞ்ச உடன எனக்குச் சொல்லியிருக்கலாமே," என்றாள்.

சுதர்சினி செருப்பைப் போட்டுக்கொண்டு கூடப் போனாள்.

கொட்டாஞ்சேனையில் றோஸி அவர்களைத் தன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். வயதான ஃபாதர் சிமிழை வாங்கி, முறிந்த தண்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது இன்னதெண்டு கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார்.

சாம்பவி அக்காவின் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினாள். "என்ர அக்கா, ஃபாதர். அவதான் முதல்ல தூக்கினவ."

வழக்கமாக வரும் மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சுதர்சினி அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், அது வரவேயில்லை. ஃபாதர் அவளுடைய தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். றோஸிக்கு முன்னால் கிடைத்த பெருமைக்கு அவள் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. கொடுக்கிற மனதையும் கடவுள் தங்கைக்குத்தான் வைத்தானா என்று உள்ளே எரிந்தது.

திரும்பிவரும்போது பஸ்ஸில் சாம்பவி அவளுக்கு யன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தாள். பஸ் காலிமுகத்திடலுக்கு வந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுதர்சினி வெளியே திரும்பினாள். கண்ணுக்கெட்டிய தூரம் கடல் கிடந்தது. அதுவும் அவள் தந்ததுதான்.