காதைக் கேட்டேன், கேட்டில் நிறுத்தினார்

என் இடது காது முழுக்கப் போய்விட்டது. வலதில் பாதிதான் மிச்சம். கும்மிடிப்பூண்டியில் பதினெட்டு வருஷம், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நின்றதன் பலன். காதடைப்பான் கொடுத்தார்கள். அது பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்த முட்டாள் நான்தான்.

சூப்பர்வைசர் ஆகப்போகிற மிதப்பில் இருந்தேன். அதற்கான மெடிக்கலில் காது மாட்டிக்கொண்டது. பிரஸ் ஷாப் பக்கமே வரக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். தை மாசம், கேட்டில் லாரி நம்பர் எழுதும் வேலை. எனக்குக் கீழே இருந்த குமார் தினமும் நின்று, "இன்னா சாமி, நம்பர் எழுதிக்கினு கீறியா?" என்பான். பாதிதான் கேட்கும். மீதியை அவன் இளிப்பிலிருந்தே தெரிந்துகொள்வேன்.

திருவள்ளூரில் எங்களுடையது கோவில் கைங்கரியக் குடும்பம். அந்தக் கொழுப்பு எனக்கு நிறையவே உண்டு. நோய் தீர்க்கும் எங்கள் வைத்தியப் பெருமாள், நமக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வார்? தை அமாவாசைக்கு, நோய் கரையும் என்று கோவில் குளத்தில் வெல்லம் கரைத்தேன். உண்டியலில் வெள்ளிக் காது போட்டேன். காதைக் கொடு, சூப்பர்வைசர் வேலையைக் கொடு என்றேன். அதைப் பிரார்த்தனை என்று சொல்ல எனக்கே கூசுகிறது. கேண்டீனில் டீ சொல்வது மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு அமாவாசை போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. "பக்தி போதாது" என்று என் காதில் வந்து கத்தினார்கள் சில பக்தர்கள். தங்களுக்கு முழங்கால் வலித்தால் முதலில் ஸ்கேன் எடுக்க ஓடுகிறவர்கள்.

ஆடி அமாவாசைக்குக் கோவிலுக்கு வரமாட்டேன் என்றேன். செத்தால் தேவலை என்றும் சொன்னேன். என் மனைவி மைதிலி எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னாள்: "பெருமாளுக்கு வேலை சொல்றதை நிறுத்துங்கோ. உங்களுக்கு என்ன வேலைன்னு அவரைக் கேளுங்கோ."

அன்றுதான் கேட்டேன். என்னை எதற்கு அந்தக் கேட்டில் வைத்திருக்கிறாய்?

ஆவணியில் ஒரு மத்தியானம். கேட்டில் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் பேக்கிங்கில் சேர வந்த ரேவதி, ஊத்துக்கோட்டைப் பெண், லாரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஏழெட்டுப் பேர் நின்ற இடத்திலிருந்தே கத்தினார்கள். "இன்னாமே, காது செவுடா?" என்று திட்டினான் ஒருவன். ஆமாம், செவிடுதான். அது அந்தப் புத்திசாலிகளில் ஒருத்தன் மண்டைக்கும் எட்டவில்லை. எனக்கு எட்டியது. முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கத்தாமல் ஓடினேன். பிடித்து இழுத்தேன். இருவரும் விழுந்தோம். அவள் டிபன் பையை நசுக்கிவிட்டு டயர் நின்றது.

என் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. தரையில் கிடந்தபடியே அழுதேன்.

பிறகு ரேவதியிடம் சைகை மொழி கற்றேன். லாரி வந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கேட்டில் சுழல் விளக்கு வைக்கும்வரை மேனேஜரை விடவில்லை. இப்போது காது கேளாத ஐந்து பெண்கள் இங்கே வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது நான். சூப்பர்வைசர் நாற்காலியில் குமார் உட்கார்ந்திருக்கிறான். நன்றாக உட்காரட்டும். அதற்காக அன்றைக்கு அழுத என்னை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பு.

காது திரும்பவில்லை. இனி வரவும் வராது.

நீங்களும் சந்நிதியில் பட்டியல் வாசிக்கிறவர்தானே? வாசியுங்கள். முடித்ததும் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் நில்லுங்கள். அவர் நிறுத்துகிற இடத்தை நம்பி நில்லுங்கள். நான் இப்போது பெருமாளுக்குச் சைகையில்தான் நன்றி சொல்கிறேன். நாலு பேர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.