கடையில் இல்லாத சென்ட்

காலை ஆறு இருபதுக்குப் பால் தீய்ந்தது. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கே நாற்றம் வந்துவிட்டது. இறங்கி ஓடினால், மகள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, தீய்ஞ்சு போறது தெரியலையா?"

பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கு எந்த வாசனையுமே வரலம்மா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்தே."

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அரியாங்குப்பம் பாலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து பின்தலையில் அடிபட்டிருந்தாள். தையல் ஆறியது, நாங்களும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தோம். இப்போது டாக்டர், மூக்கு நரம்பு அதிர்ந்திருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். தெரிந்த வாசனைகளைத் தினமும் முகர்ந்து பழகச் சொன்னார்.

நான் விடவில்லை. கிராம்பு, எலுமிச்சை, காப்பித்தூள், பெரிய மார்க்கெட்டில் விடிந்ததும் வாங்கிய மல்லி எல்லாம் காலையும் மாலையும் அவள் மூக்கின் கீழ். அவளோ சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். மீன் குழம்பு வெந்நீர் மாதிரி இருக்கிறது என்பாள். உடம்பு பாதியானது. ஒருநாள் கிராம்பைத் தள்ளிவைத்து, "விடும்மா, இனிமே இப்படித்தான்" என்றாள்.

அப்போதுதான் அவள் அத்தையின் சென்ட் நினைவுக்கு வந்தது. என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த ஒரு சொல்தாவைக் கட்டிக்கொண்டு பிரான்ஸ் போனவர். அவர் ஊருக்கு வந்தால் வீடே மணக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது, பள்ளியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அத்தை வந்துட்டாங்க" என்று கண்டுபிடித்துவிடுவாள்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஷோகேஸில் அந்த பாட்டில் இன்னும் இருந்தது. கண்ணாடி மூடி, உள்ளே தேன் நிறம். சாவி தேடித் திறந்து நீட்டினேன். நெடுநேரம் முகர்ந்தாள். கண் கலங்கியது. "இதுகூட வரலம்மா."

பிடுங்கி நான் முகர்ந்தேன். எனக்கும் வரவில்லை. எனக்கும் மூக்கு போய்விட்டதோ என்று பயந்துபோனேன்.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கணவர் சொன்னார், "அது டீத்தண்ணி. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான்தான் மாத்துறேன். ஷோகேஸ்ல காலி பாட்டில் இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப எனக்குச் சரியாத்தான் வந்திருக்கு" என்றாள் மகள். விழுந்ததற்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அசலைத் தேடிக் கடை கடையாக ஏறினேன். அத்தர் விற்கும் பாய், அந்தச் சரக்கு வந்தே பல வருஷமாச்சு என்றார். பிரான்ஸுக்கே போன் செய்தேன். அண்ணி கதையைச் சொன்னார். அவர் போன புதிதில், வேலைக்குப் போகும் பெண்கள் வாங்கக்கூடிய விலையில் விற்ற சென்ட் அது. ரயிலில் அதே வாசனையோடு நாலு பேராவது நிற்பார்களாம். பிறகு கம்பெனி கை மாறியது. அதில் மணத்துக்காகச் சேர்த்த மரப்பாசி தோலுக்கு ஆகாது என்று கட்டுப்பாடு வந்ததும், அதை எடுத்துவிட்டு அதே பெயரில் விற்றார்கள். "டப்பா அதேதான், உள்ள வேற பொம்பளை" என்று அண்ணி வாங்குவதை நிறுத்தினார். மற்றவர்களும் நிறுத்த, கம்பெனி தயாரிப்பையே கைவிட்டது.

இதையெல்லாம் நான் மகளிடம் சொல்லவில்லை. ஒரு சொட்டாவது இருக்குமா என்று அண்ணியிடம் கேட்டேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

நான் கிராம்பை நிறுத்தவில்லை. "இன்னைக்கு டீத்தண்ணி கிடையாதா?" என்று கேலி செய்தாலும் அவளும் முகர்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் டாக்ஸி நின்றது. அண்ணி இறங்கினார், எப்போதும் அவருக்கு முன்னால் வரும் வாசனை இல்லாமல். உட்காரக்கூட இல்லை. பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த, அந்த சென்ட் போட்ட காலத்தில் கட்டிய பழைய பட்டு ஸ்கார்ஃபை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

அவள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்னமோ... மழையில நனைஞ்ச மரம் மாதிரி. பூ வாசனை வரல அத்தை. இது அது இல்ல." அழ ஆரம்பித்தாள்.

அண்ணி ஸ்கார்ஃபை வாங்கி ஒருமுறை முகர்ந்தார்.

"பூவெல்லாம் எப்பவோ போயிடுச்சு கண்ணு. மிச்சம் இருக்கறதே அந்த மரத்துப் பாசிதான். உனக்கு என்ன வருதோ, அதான் எனக்கும் வருது."