மிஞ்சிய பொன்னாடை

அன்றைக்கு ஸப்ரி ஒரே வயரை நான்கு தடவை கழற்றிப் பூட்டினார். கிழக்குக் கரையோர நிந்தவூரில் மேடை, கதிரை, ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். ஆனால் அஸர் தொழுகைக்குப் பின் நடக்கவிருந்த பாராட்டு விழா அவரை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. பதினேழு வயது ஸம்றா தேசிய டெனிஸ் சம்பியனாகி ஊர் வந்திருந்தாள். ‘நமது கரையோரத்தின் முதல் டெனிஸ் சம்பியன்’ என்று பதாகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

உண்மையில் முதல் சம்பியன் ஸப்ரி. கொழும்பில் மாமாவின் கடையில் வேலைக்கு நின்றபோது பக்கத்துக் கழகத்தில் விளையாடப் பழகி, எண்பத்தெட்டில், பத்தொன்பது வயதில், தேசிய ஆண்கள் கிண்ணத்தை வென்றவர். இரண்டு வருஷத்தில் வாப்பா மௌத்தாக, அடக்கத்துக்கு ஊர் வந்தார். சண்டையில் பாதையும் அடைபட, ஊரோடு தங்கிவிட்டார். மாமாவின் கடை கைமாறியபோது அங்கே இருந்த கிண்ணமும் போனது. காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசி கூட மிஞ்சவில்லை.

“இண்டைக்கும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் இருக்கப் போறீங்களா?” என்று மனைவி முஸ்பிறா கேட்டாள்.

“அந்தப் புள்ளட நாள் இது. நான் நடுவுல போய் நிண்டா ஊர் என்ன கதைக்கும்?”

சொன்னாரே தவிர, வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை. விழாவில் பேச வந்தவர்கள் ‘முதல், முதல்’ என்று முழங்கிய ஒவ்வொரு தடவையும் அவர் கை ஒலியைக் குறைக்கப் போய்த் திரும்பியது.

நம் பக்கத்துக் கூட்டங்களில், அழைக்காத பெரிய மனிதர் யாராவது வந்துவிட்டால் மானம் போய்விடுமே என்று பொன்னாடை ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி வைப்பார்கள். அன்று அப்படி ஒருவரும் வரவில்லை. ஒன்று மிஞ்சியது. விழாக் குழுச் செயலாளர் இன்ஸாப் சும்மா இருப்பாரா?

“ஒருக்காலும் கீச்சிடாம ஸ்பீக்கர் போட்டுத் தந்த ஸப்ரி காக்காவுக்கும் ஒண்டு குடுப்பம்,” என்று அண்ணன் முறை வைத்து அறிவித்தார்.

ஸம்றா அதை மரியாதையாக அவர் கையில் கொடுத்தாள். ஸ்பீக்கருக்குப் பொன்னாடை. ஸப்ரிக்குப் பொறுக்கவில்லை. மைக் முன்னால் போய் நின்றார்.

“நானும் டெனிஸ் சம்பியன்தான். எண்பத்தெட்டுல.”

கூட்டம் சிரித்தது. ஸப்ரி காக்கா பகிடி விடுகிறார் என்று கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் முஸ்பிறா தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லியிருக்கவே கூடாது என்று ஸப்ரிக்குக் கூசியது.

ஸம்றா மட்டும் சிரிக்கவில்லை.

“பைனல்ல ஸ்கோர் என்ன மாமா?”

சோதிக்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். விளையாடுகிற ஒருத்தி விளையாடிய ஒருவரிடம் கேட்கிற கேள்வி அது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

“முதல் செட் நாலு-ஆறு. தோத்துட்டன் மகள். ரெண்டாவது ஏழு-அஞ்சு. மூணாவதுல...” கையிலிருந்த பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். “மூணாவதுல எதிர்ல ஆடினவனுக்கு ரெண்டு மெச் பொயின்ட் இருந்திச்சு. ஒண்ட எடுத்தாலும் கிண்ணம் அவனுக்கு.”

சிரிப்பு அடங்கியிருந்தது. ஸம்றா மைக்கைக் கழற்றி அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

“பிறகு?” என்றாள்.