பிரியாணிக்கு மட்டும் தமிழ்

எங்கள் ஊர் மலைச்சரிவில் இருக்கும் சித்திரபுரம். அடைமழையில் மலை உறுமினால் மண் சரிவதற்குள் வீட்டை விட்டு வெளியே ஓடிவிட வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய அந்தப் புத்திதான், போன வருடம் கொச்சியில் ஏறிய சொகுசுக் கப்பலில் எங்களைக் கொல்லப் பார்த்தது.

நடுக்கடலில் புயல்காற்று அடித்தது. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கப்பலின் அடியில் மலை உறுமுவது போலவே ஓர் உறுமல். "ஏட்டி, பிள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடு!" என்று கத்தினார் கணவர். பூட்டாத கதவைத் தள்ளித் திறந்த வெளித்தளத்துக்கு ஓடினோம். அலை எங்களைப் புரட்டிப் போட்டது. கம்பியில் மோதி மகளின் நெற்றி பிளந்தது. கப்பல் ஊழியர் ஒருவர்தான் எங்களை உள்ளே இழுத்தார்.

"வெளிய போகாதீங்கன்னு மூணு தடவை மைக்குல சொன்னோமே!" என்று தமிழில் அதட்டினார். மூன்று தடவையும் எங்களுக்குப் புரியாத இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் சொன்னார்கள்.

"பிரியாணி ரெடின்னு அதே மைக்குல தமிழ்ல சொல்லத் தெரிஞ்சுது. வெளிய போனா செத்துருவீங்கன்னு சொல்லத் தெரியலையா?" என்று கத்தினேன்.

இப்போதெல்லாம் எந்தப் படகில் ஏறினாலும், "ஆபத்துன்னா உள்ள இருக்கணுமா, வெளிய ஓடணுமா? தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்காமல் நான் உட்காருவதில்லை. படகுக்காரர்கள் சிரிக்கிறார்கள். என் மகளின் நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.